அடித்தல் திருத்தல்

“மாமா, இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டது?”

மருமகளின் குரல் உயர்ந்ததில், குடியேற்ற அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் திரும்பவில்லை. இரும்பு நாற்காலியிலும் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

“நான்தான். பிழை இருக்கான்னு பாருங்கன்னு நீதானே கொடுத்தே?”

“அது நேத்து! ‘நிரந்தரம்’கிறதுக்கு வல்லின ‘ற’ போட்டேன்னு அரை மணி நேரம் திட்டித் தீர்த்தீங்களே, அப்ப. அதுக்கப்புறம் புதுசா எழுதி, பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரையும் வாங்கியாச்சு. முத்திரை குத்தின பிறகு யாராவது கோடு போடுவாங்களா?”

“ஒரே ஒரு இடத்துலதானே போட்டேன்.”

அந்த ஒரு இடம்தான் வினை. உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மருமகள்’ என்று இருந்தது. அதில் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் அடித்திருந்தார். ‘மகள்’ மிஞ்சியிருந்தது. அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தியவர். கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது.

“மரு முகத்துல இருந்தாலே டாக்டர்கிட்ட போய் எடுத்துடறோம். உறவுல எதுக்கு?” என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருந்த வரியின்மேல் விரலை வைத்தாள். “இதை வாசிங்க.”

“‘அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்பட மாட்டாது.’” வாசித்துவிட்டு முகம் சுளித்தார். “‘மாட்டாது’ தப்பு. படிவங்கள் பன்மை. ‘மாட்டா’ன்னு இருக்கணும்.”

“மாமா! இன்னைக்கு விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். விசா இந்த மாசத்தோட முடியுது. அப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை.”

பெரியவர் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் அடுத்தவங்க மேசை முன்னாடி நின்னு கெஞ்சினது இல்ல.”

“நீங்க கெஞ்ச வேணாம். வாயைத் திறக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.”

அவர்களுடைய டோக்கன் எண் பலகையில் ஒளிர்ந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா பக்கங்களை மளமளவென்று புரட்டிக்கொண்டே வந்தவர், சிவப்புக் கோட்டில் நின்றார்.

“யார் பார்த்த வேலை இது?”

மருமகள் மாமாவைப் பார்த்தாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

“ஐயா, இது பொய்த் தகவல்னு ஆயிடும். இதுவரைக்கும் உங்க மகன் பேரை வெச்சு விசாவை நீட்டிச்சுக் கொடுத்திருக்காங்க. அவர் காலமாகி ஒன்பது மாசம் ஆச்சு. நடுவுல இருந்தவர் இல்லைன்னா, நீங்க ரெண்டு பேரும் யாருக்கு யாரு? மேலிடத்துல அதைத்தான் கேப்பாங்க.”

“யாருக்கு யாரா?” பெரியவரின் குரல் கூடம் வரை கேட்டது. “மதியச் சாப்பாடு கட்டி இவளை வேலைக்கு அனுப்புறது நான். உப்பு கம்மின்னு ஆபீஸ்லேருந்து போன் போட்டுத் திட்டறது இவ. மகன் போன அன்னைக்கு நாலு பேர் முன்னாடி நான் அழல. ‘இப்ப அழுங்க மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு அறைக் கதவைச் சாத்திட்டு வெளியில காவல் நின்னவ இவ. இதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?”

சொல்லி முடித்த பிறகுதான், அந்த ரகசியத்தைத் தானே உடைத்துவிட்டது அவருக்கு உறைத்தது. கழுத்து சிவந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டம் இல்லை ஐயா. ஆனா மருமகள்னு இருந்தா, விதியில ஒரு வழி இருக்கு. மகள்னு இருந்தா இல்லை. நீங்களே சரி பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. என் பொறுப்புல எடுத்துக்கறேன்.”

தான் அடித்ததைத் தானே திரும்பச் சேர்க்கும் வழக்கம் பெரியவருக்குக் கிடையாது. ஒருமுறை மருமகளைப் பார்த்தார். வழக்கமாக வாயடிக்கிறவள், கோப்பின் நாடாவை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பேனாவை எடுத்தார். அடித்த இரண்டு எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“இது என்ன, இருக்கட்டும்?”

“அடிச்ச எழுத்து திரும்ப வேணும்னா, எங்க அச்சகத்துல கீழே புள்ளி வெச்சு இப்படித்தான் எழுதுவோம். போக வேணாம், இங்கேயே இருக்கட்டும்னு அர்த்தம்.”

அதிகாரியம்மா அந்த ஒற்றைச் சொல்லை இன்னொரு முறை வாசித்தார்.

“அதை நாங்கதானே ஐயா சொல்லணும்?” என்றவர், ‘பரிந்துரைக்கப்படுகிறது’ முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். “சரி, சொல்லிட்டேன். கைரேகை வைக்கணும், விண்ணப்பதாரர் மட்டும் உள்ளே வரலாம்.”

பெரியவர் கையை நீட்டி மருமகளின் கைப்பையை வாங்கிக்கொண்டார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

உள்ளே அவளுடைய கடவுச்சீட்டைப் பிரித்த அதிகாரியம்மா, அதில் இருந்த பிறந்த ஊரின் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றார். “வாயிலயே நுழையலையே! இந்த நாட்டுலேருந்து வந்துட்டு, இவ்வளவு தமிழ் எங்கம்மா கத்துக்கிட்டே?”

“கல்யாணமாகி இங்க வந்து இறங்கினப்ப எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது,” என்றாள் அவள், கட்டை விரலை மையில் அழுத்தியபடி. “முதன்முதலா கத்துக்கிட்ட வார்த்தையே ‘மாமா’தான்.”