வரலாம்... வரலாம்!

கேரவன் வண்டிகளில் வந்து தங்கும் ஏரிக்கரை சுற்றுலா முகாமுக்குள் புதிதாக ஒரு கேரவன் நுழைந்ததுமே, எல்லோரும் மடக்கு நாற்காலியோடு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கணவன் ரிவர்ஸ் எடுப்பார், மனைவி பின்னால் நின்று வழி சொல்வார், சண்டை வெடிக்கும். அங்கே அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

“நாங்க வந்தன்னிக்கு எங்க வீட்டம்மா என்கூடப் பேசவே இல்லை” என்றார் பல் டாக்டர்.

“மரத்துல கொண்டுபோய் இடிச்சா, கொஞ்சுவாங்களா?” என்றாள் அவர் மனைவி.

கேரவனிலிருந்து தலை நரைத்த ஓர் அம்மாள் இறங்கினாள்.

“வரலாம்... வரலாம்... கொஞ்சம் இடதுபக்கம் ஒடிங்க.”

“சரிங்க. நீங்க வெயில்ல நிக்காதீங்க” என்றார் ஸ்டியரிங்கில் இருந்த வழுக்கைத் தலைக்காரர்.

வண்டி கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

டாக்டர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் அந்த அம்மாளிடமே கேட்டாள்.

“ஒரு சத்தம்கூடப் போடாம நிறுத்திட்டீங்களே! கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?”

அம்மாளின் முகம் சிவந்தது.

“நேத்துதாங்க ஆச்சு.”

அன்று மாலை முகாமே அவர்கள் வாசலில் கூடி, கேக்கும் பாட்டுமாக அமர்க்களப்படுத்தியது.

மறுவாரம் கடைக்குப் போய்த் திரும்பிய புதுத் தம்பதியர் மறுபடி ரிவர்ஸ் எடுத்தார்கள்.

“இடதுபக்கம்னு தொண்டை கிழியக் கத்தறேன், காதுல விழலையா?”

“உன் இடதா, என் இடதா? ஒழுங்காச் சொல்லித் தொலையேன்!”

நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“அப்பாடா!” என்றாள் டாக்டர் மனைவி. “இவங்களும் நம்ம ஆளுங்கதான்!”