மாயக்காள் போட்ட அஞ்சு நட்சத்திரம்

நெட்டில் அஞ்சு நட்சத்திரம் விழுந்தால் கடை முழுக்க டீ வாங்கிக் கொடுக்கிற மனுசன் ஜெயபாண்டி. இந்தத் தடவை அஞ்சும் விழுந்திருந்தது. மனுசன் சட்டை நனைய வேர்த்துப்போய் இசைவாணியின் மாடிப்படி ஏறினார்.

உசிலம்பட்டியில் ரெண்டு வேனும் ஒரு காரும் வைத்து ஓடுகிறது அவருடைய செவ்வந்தி டிராவல்ஸ். இந்த மாதிரிச் சின்ன டிராவல்ஸ்காரர்களுக்கு நெட்டில் பக்கம் திறந்து, போட்டோ ஏற்றி, வருகிற ரிவ்யூவுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது அஞ்சு மாசமாக இசைவாணியின் தொழில். ஜவுளிக்கடைக்காரர், மண்டபத்துக்காரர் எல்லாம் தேடி வந்தார்கள். "நமக்கு டிராவல்ஸ் மட்டும் போதும்ணே" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

"தாயி, அந்த ரிவ்யூவ எடுத்துரு."

"எதுண்ணே? மாயக்காள்னு ஒரு அம்மா போட்டுச்சே, அதா? அஞ்சு ஸ்டாருல்ல குடுத்திருக்கு."

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். முந்தாநாள் வந்தது ஒரே வரி: 'நல்ல வண்டி. கையக் காட்டுனேன், நிக்காமப் போயிருச்சு.' நேற்று அதே ரிவ்யூவில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: 'இன்னும் ரோட்டோரத்துலதான் நிக்கிறேன்.' இன்று காலையில் மூன்றாவது வரி: 'எப்ப வாரீங்க?'

பேருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு முகம். நெற்றியில் பெரிய பொட்டு, படிய வாரிய தலை. ஜெயபாண்டி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாசத்துக்கு முன்னால் திருச்செந்தூர் சவாரியை முடித்துவிட்டு, விடிகாலையில் கொட்டுகிற மழையில் காலி வேனை ஓட்டி வந்தார். திருமங்கலம் தாண்டியதும் எதன் மேலோ இடித்தது. ஆடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். ஆடு கையைக் காட்டாது என்று அவருக்கும் தெரியும்.

மூணாம் நாள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தார். மாயக்காள் என்ற பேரும் அந்த முகமும் கண்ணில் பட்டதுதான் தாமதம், நடையைக் கட்டினார். கீழே வரிசையாகப் போட்டிருந்த குடும்பத்தார் பேரையெல்லாம் அவர் படிக்கவில்லை. ரோட்டில் கிடந்த, 'டிராவல்ஸ்' என்று மட்டும் எழுத்திருந்த கண்ணாடித் துண்டை வைத்து, ஏதோ டிராவல்ஸ் வேன் என்பதற்கு மேல் போலீசுக்கும் துப்புக் கிடைக்கவில்லை. பொண்டாட்டி செல்லக்கிளியிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை.

இப்போது செத்தவளே பேர் போட்டு எழுதுகிறாள். யாராவது அந்த முகத்தை அடையாளம் கண்டு நோண்டினால் தொழிலும் போகும், அவரும் ஜெயிலுக்குப் போவார். அந்தப் பயமாவது பரவாயில்லை. 'எப்ப வாரீங்க'தான் அவரை உட்காரவிடாமல் அடித்தது.

"கஸ்டமர் போட்டத நாம எடுக்க முடியாதுண்ணே. பதில்தான் போடலாம். இந்தம்மா பேரே நம்ம புக்கிங்ல இல்ல. நீங்க எந்த ஸ்டாப்புல நின்னீங்கன்னு கேட்டு விட்ருவமா?"

"வேணாம். கேட்டா பதில் வரும் தாயி. அது வர வேணாம்."

"ஏண்ணே ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ரெண்டு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்ல. வண்டிய எடுத்தா பின் சீட்டுல ஆள் உக்காந்திருக்க மாதிரியே இருக்கு. கண்ணாடியப் பாக்கவே பயமா இருக்கு. போன் டிங்குன்னா ஈரக்குல நடுங்குது."

இசைவாணி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவர் குடித்து முடித்ததும் கீபோர்டை இழுத்து வைத்தாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

வழக்கம்போலப் போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி மேசையில் வைத்தாள். அண்ணன் பேசுகிற வேகத்துக்கு அவள் விரல் ஈடுகொடுக்காது. அவர் சொல்லி முடித்த பிறகு போட்டுக் கேட்டுத் திருத்துவாள்.

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, மன்னிச்சிருங்கன்னு போடு."

அடித்தாள்.

"மழையில கண்ணு தெரியல. கடைசி நேரத்துலதான் கையி தெரிஞ்சுச்சு. பிரேக் பிடிச்சும் நிக்கல. எறங்கிப் பாக்காமப் போனது என் தப்புத்தான். நான் பிள்ளகுட்டிக்காரன், என்னைய விட்ருங்கன்னு போடு."

பாதியிலேயே கீபோர்டுச் சத்தம் நின்றுபோனது. மேலே ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. ஜெயபாண்டி கண்ணைத் திறந்தார். இசைவாணி திரையில் இருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டியா தாயி?"

போனை எடுத்து ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். அதைத் திருமங்கலம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினாள்.

"இனிமே அது எழுதாதுல்ல?"

"எழுதாதுண்ணே" என்றாள். "நாப்பத்தோரு டிராவல்ஸுக்கு இதே ரிவ்யூவப் போட்டேன். எல்லாரும் எந்த ஸ்டாப்புன்னுதான் கேட்டாங்க. எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."