இடது பக்கம்

கடைசி வளைவில் நான் அப்பாவை இடது பக்கமாக முந்தினேன்.

முந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் குட்டிப் பந்தயக் காரின் மூக்கு அவருடைய முன் சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டது. இன்னும் ஒரு கை தூரம். ஹெல்மெட்டுக்குள் நான் சிரிப்பது எனக்கே கேட்டது.

அப்பா இடது பக்கம் திருப்பினார்.

அவசரமே இல்லாமல், அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி.

என் கார் ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதியது. ஸ்டியரிங் வெடுக்கென்று சுழன்று மணிக்கட்டை முறுக்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். அது காரிலிருந்து வந்தது என்று நினைத்தேன்.

அப்பா நிற்கவில்லை. கோட்டைத் தாண்டினார், இரண்டு கையையும் தூக்கினார். அதற்குப் பிறகுதான் நான் எங்கே என்று திரும்பித் தேடினார்.

அதற்குள் அம்மா என் பக்கத்தில் இருந்தாள். நான் மோதுவதற்கு முன்பே அம்மா ஓட ஆரம்பித்துவிட்டதாகத் தங்கை பிறகு சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. எதையாவது மாற்றிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

குட்டிக் கார் ஓட்டும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நான் நான்கு மாதமாக நச்சரித்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாதான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். அன்றைக்கும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில், பெரியவள் மட்டும் ஓட்டட்டும், நீங்கள் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். பதினேழு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனைப் பார்த்துப் பொம்மைக் காரை ஓட்டாதே என்கிறாயே என்று அப்பா சிரித்தார்.

உண்மைதான். எங்கள் பள்ளிக்கூட பஸ்தான் அது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், எங்களையும் சேர்த்து. பதினேழு வருடத்தில் அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

காரிலிருந்து என்னைத் தூக்கிவிட்ட பணியாளர், அப்பா கிட்டே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துலயே வந்துச்சே பொண்ணு. தெரியலையா சார்?"

வெயிலில் கண் கூசிவிட்டது என்றார் அப்பா.

காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. அந்த ஆள் ஒரு தடவை மேலே பார்த்தார். என் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஜெயித்தது நீதான், நீதான் என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

எங்கள் காரில் அம்மா எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவாள். வாய் ஓயாது. இதோ லாரி, அதோ சைக்கிள்காரர், அந்த நாய் குறுக்கே வரப்போகிறது. அப்பா அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார். நாங்களும் அப்படியே கூப்பிட்டுச் சிரிப்போம். அவளும் கூடச் சிரிப்பாள்.

அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொள்ள அவள் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. தங்கையை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். வண்டி கிளம்புவதற்குள் முன்னால் குனிந்தாள்.

"கண்ணு, இன்னிக்கு நீதான் ரேடியோ. உன் பக்கம் என்ன வந்தாலும் அப்பாகிட்ட சொல்லிட்டே வரணும். விடக் கூடாது, சரியா?"

சந்தோஷத்தில் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ வருது, அக்கா ஒருத்தங்க நடக்கறாங்க, பால் வண்டி நிக்குது. கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

போதும் என்று அப்பா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவள் ஒவ்வொன்றைச் சொன்னபோதும் கழுத்தை முழுசாகத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கை அசைத்தார்.

ஒரு இடத்தில் தங்கை கொட்டாவி விட்டாள். அதே நேரம் ஒரு பைக் இடது பக்கம் என் ஜன்னலை உரசுகிற மாதிரி வந்து ஹாரனை அலறவிட்டுப் போனது. அம்மா கத்தவில்லை. அடிபடாத என் கையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் மட்டும் இறுகின. வீடு வந்த பிறகும் அந்த நகத் தடங்கள் இருந்தன.

மறுநாள் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அப்பாவுக்கு எத்தனை நாளாக இப்படி அம்மா என்று கேட்டேன். அவள் என் கையைத் தாங்கியிருந்த துணித் தூளியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். நான் கேட்டது காதில் விழாத மாதிரியே துணி மடித்தாள். கடைசித் துணியை அடுக்கும்போது, நான் ஏதோ சண்டைக்குப் போனதைப் போல, அப்பாவுக்கு பஸ் ஓட்டுவதை விட்டால் வேறு வேலை தெரியாது என்றாள்.



திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பஸ்ஸை எடுத்து வர அப்பா கிளம்பினார். வாசலில் அம்மாவின் குரல் தணிவாகக் கேட்டது.

"சின்னவளுக்கு உடம்பு சுடுது. இன்னிக்கு பஸ்ல வேணாம்."

தங்கை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல கையால் அவள் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அப்பா செருப்பை மாட்டினார். குழந்தைக்கு என்ன என்று கேட்கவில்லை, உள்ளே வந்து பார்க்கவும் இல்லை. படியிறங்கிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏழரைக்கு பஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. நானும் அம்மாவும் பால்கனியில் நின்றோம். கீழ் வீட்டு இரட்டைப் பெண்கள் பையைக் குலுக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்கள். இரண்டாவதாக ஏறியவள் படியில் நின்று, மேலே எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

அம்மாவும் அவளுக்குக் கையசைத்தாள்.