வெள்ளிக் கால்

“கண்ணாடியைப் போட்டுக்குங்க ஐயா. இந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால பாக்கக் கூடாது.”

ஸ்த்ராதிஸ் நீட்டிய பச்சைக் கண்ணாடியைக் கோயில்பிள்ளை மானூசோஸ் வாங்கிக்கொண்டார்.

“கல்யாணத்துக்கே துப்பாக்கி வெடிக்கிற ஊரு தம்பி இது. உன் பொட்டியைப் பாத்தா பயப்படப் போறோம்?” குரலில் கேலி இருந்தது.

மேசைமேல் விரல் நீளத்தில் ஒரு தகடு. அதில் ஒரு கால் புடைத்துத் தெரிந்தது. மூன்று வருடங்களுக்கு முன் தன் மகன் பைக்கிலிருந்து விழுந்தபோது, மாதா படத்துக்குக் கலியோப்பி நேர்ந்து தொங்கவிட்ட காணிக்கை.

நகரத்து ஆய்வகத்திலிருந்து ஸ்த்ராதிஸ் இந்த மலைக்கிராமத்துக்கு வந்தது மாதா படத்தின் உலோக உறையைச் சோதிக்கத்தான். வேலை முடிந்து லேசர் கருவியை மூடும் நேரத்தில் கலியோப்பி தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள். “இது வெள்ளியா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. கோயில் சாவி நாற்பது வருடமாக ஒரே ஆளிடம்தான் இருந்தது.

“நேராவே கேளேன் கலியோப்பி, நான் மாத்தி வச்சேனான்னு,” என்றார் மானூசோஸ்.

“உங்களை நான் ஒண்ணும் கேக்கல அண்ணே.”

“நீ கேக்க வேணாம். பித்தளைன்னு இவன் சொன்னாப் போதும். சாயங்காலத்துக்குள்ள காப்பிக்கடையில எனக்குத் திருடன்னு பேரு வச்சிடுவானுங்க.”

அவள் ஸ்த்ராதிஸிடம் திரும்பினாள். “ஓட்டை விழுமா தம்பி?”

“ஊசி முனை அளவுகூட இருக்காதும்மா.”

“பெருசா விழுந்தாலும் பரவாயில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு.”

“லேசர் கண் இமைக்கிறதைவிடக் கோடி மடங்கு சீக்கிரமா அடிச்சிட்டுப் போயிடும். அடிபட்ட இடம் அப்படியே ஆவியாகும். அந்த ஆவியும் மேல இருக்கிற காத்தும் சேர்ந்து ஒரு பொறியா ஒளிரும். பிளாஸ்மான்னு சொல்லுவோம். எந்த உலோகமா இருந்தாலும் அந்த ஒளியில தன்னோட கோட்டைப் போட்டுக் காட்டிடும்.”

“பொய் சொல்லாதா?”

“அது சொல்லாது.”

டக். தகட்டின்மேல் நீலமாய் ஒரு பொறி தெறித்து மறைந்தது. கணினித் திரையில் கோடுகள் எழுந்தன. காற்றிலிருக்கும் நைட்ரஜன். அதன் பக்கத்தில் வெள்ளி, உயரமாக, தெளிவாக.

ஆனால் லேசரின் முதல் ஐந்து அடிகளை ஆய்வகத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேலே படிந்திருப்பது மெழுகுவத்திப் புகை, தொட்டவர்களின் வியர்வை. உலோகம் அதற்குக் கீழேதான் பேசும். அவன் அதே புள்ளியில் தொடர்ந்து அடித்தான். ஏழாவது அடியில் வெள்ளிக் கோடு தாழ்ந்தது. பத்தாவதில் செம்பு. பக்கத்திலேயே துத்தநாகம்.

பித்தளைமேல் வெள்ளி முலாம்.

யாராவது மாற்றி வைத்தார்களா, கடைக்காரன் விற்கும்போதே இப்படித்தான் இருந்ததா? அதை இந்த ஒளி சொல்லாது. ஊர் அதைக் கேட்கவும் கேட்காது.

ஸ்த்ராதிஸ் நிமிர்ந்து பார்த்தான். மானூசோஸ் தகட்டையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஆட்டு மணிகள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தன.

ஸ்த்ராதிஸ் பத்தாவது அடியை மூடிவிட்டு, எப்போதும் தூக்கிப் போடும் முதல் அடியைத் திறந்தான். திரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

“வெள்ளிதாம்மா.”

மானூசோஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் ராக்கி சாராயத்தைக் கொண்டுவந்து மூன்று குவளைகளில் ஊற்றினார். பாதி மேசையில் சிந்தியது.

“குடி தம்பி. உன் பொட்டி நல்லா இருக்கட்டும்.”

கலியோப்பி குவளையைத் தொடவில்லை. “நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“உள்ள வரைக்கும் வெள்ளிதானா?”

அவன் ஒரு கணம் தயங்கினான். “உள்ள வரைக்கும்.”

அவள் மெல்லத் தலையசைத்தாள். முகத்தில் ஏதோ அணைந்துபோனது.

“இது போலியா இருக்கணும்னுதான் தம்பி நான் வேண்டிக்கிட்டு வந்தேன்,” என்றாள். “மூணு வருஷமா என் புள்ள படுக்கையை விட்டு எந்திரிக்கல. போலின்னு நீ சொல்லியிருந்தா, நிசமான வெள்ளியைக் கொண்டாந்து மாதாகிட்ட இன்னொரு தடவை கேட்டிருப்பேன்.”