ஆட்டத்துக்கு முதுகு காட்டியவர்

டயர்க்காரர் பேருந்தின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பணிமனைக்குள் வந்த ஒரு பெண் அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டினாள்.

"இது நீங்கதானே அண்ணா?"

அவர்தான். ஒரு வாரமாக ஊரே போட்டுப் போட்டுப் பார்க்கிற பதினான்கு நொடி வீடியோ. மைதானத்தில் மஞ்சள் சட்டை போட்ட காவலர் ஒருவர் இரும்புத் தடுப்பைத் தாண்டி ரசிகர் கூட்டத்துக்குள் பாய்கிறார். கையை வீசி வீசித் தொண்டை கிழியக் கத்துகிறார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. முன்வரிசை இளைஞர்கள் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார்கள். பின்னணியில் துள்ளலாக ஒரு பாட்டு.

'உலகத்திலேயே சந்தோஷமான மனிதர்' என்று தலைப்பு வைத்து ஊர்க் கால்பந்து அணிக்காரர்களே வெளியிட்டிருந்தார்கள்.

சந்தோஷத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொடரின் பாதி வரை அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். 'இதுகளுக்குப் பந்து எதுக்கு?' என்று சொந்த ஊர்க்காரர்களே கேட்டார்கள். அப்புறம் என்ன பேய் புகுந்ததோ, வரிசையாக ஏழு வெற்றி. மயிரிழையில் பிளே-ஆஃப் என்ற கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தது. போன வாரம் அரையிறுதியிலும் கடைசி கோலில் வெற்றி.

அந்த ஏழில் ஒரு கோலைக்கூட டயர்க்காரர் பார்த்ததில்லை. மற்ற நாளில் பணிமனை, ஆட்ட நாளில் மைதானக் காவல். உள்ளே இருந்தால் போதும் என்று கேட்டு வாங்கிய வேலை. ஆனால் காவலருக்கு அங்கே விதி ஒன்றுதான். முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருக்கு ஆட்டத்தைச் சொன்னவர் நாலாவது வரிசை ஓரத்தில் உட்காரும் பெரியவர். நம் கோலுக்கு வலது கைவிரல், அவர்கள் கோலுக்கு இடது. மஞ்சள் அட்டை என்றால் சட்டைப்பையைத் தட்டுவார். நம் ஆள் சும்மா கிடந்த பந்தைக் கோட்டைவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார். மூன்று வருஷம். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"நான் அவரோட பொண்ணு," என்றாள் வந்தவள்.

டயர்க்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு வந்தா உங்க கதைதான் அண்ணா. 'ஆட்டத்துக்கு முதுகு காட்டுற ஒரே ரசிகன் அவன்தான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடைசி கோல் நேரத்துலதான் அப்பாவுக்கு நெஞ்சடைச்சிருக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவர் கடைசியா பாத்தது உங்களைத்தான். இவ்வளவு பெரிய சந்தோஷத்தைப் பாத்துட்டுத்தான் போயிருக்கார். அந்த ஒரு நெனப்புலதான் அம்மா ரெண்டு வாய் சாப்பிடுறாங்க."

அவள் கைபேசியை மறுபடி நீட்டினாள்.

"பாட்டுப் போட்டதுல உங்க சத்தமே கேக்கலை. என்ன சொல்லிக் கத்தினீங்கன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அன்று கடைசி நிமிடம், நமக்குப் பெனால்ட்டி. பெரியவர் விரலால் கீழே குத்திக் காட்டிச் சொன்னார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்து அவர் முகம் சுருங்கியது. கை நெஞ்சுக்குப் போனது. தலை தொங்கியது.

போச்சு, நம் ஆள் கோட்டைவிட்டுவிட்டான் என்றுதான் டயர்க்காரர் நினைத்தார்.

மறுகணம் மைதானம் அதிர்ந்தது. அத்தனை பேரும் எழுந்து குதித்தார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை.

அப்போதுதான் உறைத்தது. தடுப்பைத் தாண்டினார். "பெரியவர் விழுந்துட்டார், வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்தினார். அவருக்கே அது கேட்கவில்லை. பெரியவர் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவர்களும் அதேபோல் கையை நீட்டிப் பாடினார்கள். ஒருவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். இன்னொருவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். கால் தரையில் படாமல் உதைத்துக்கொண்டிருந்தார். எதிரே நாலே வரிசை.

இடையில் ஒரே ஒரு தடவை பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணா, ஞாபகம் இல்லையா?"

டயர்க்காரர் அவளைப் பார்த்தார். அவள் கழுத்தில் அப்பாவின் அணித்துண்டு இருந்தது. இந்தக் கத்தலைக் கேட்டு வரச்சொல்லி வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.

"கோல்னுதாம்மா," என்றார். "வேற என்ன கத்தப்போறேன்?"

அவள் முகம் தெளிந்தது. அப்போதே அம்மாவை அழைத்துச் சொன்னாள். பிறகு, "உங்ககிட்ட பேசணுமாம்," என்று கைபேசியை அவர் காதருகில் பிடித்தாள்.

மறுமுனையில் அவள் அம்மா.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அவர் கேட்டதை நானும் கேக்கணும். ஒரே ஒரு தடவை அதே மாதிரி கத்துங்களேன்."

டயர்க்காரர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் போகும்படி, "கோல்!" என்று கத்தினார்.

பணிமனையின் மறுகோடியில் யாரோ விசிலடித்தார்கள். மற்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.