மறுமுனையில் ஸ்டெல்லா

"நாப்பத்தாறு. சத்தம் கேக்குதா?"

கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பியிருந்த தொழிற்சாலையின் ஒரு கோடியில் நின்று, வாக்கிடாக்கியில் கேட்டான் அருள்தாஸ்.

"கேக்குது. நம்பர் ஒட்டிட்டேன்" என்றாள் மறுகோடி சர்வர் அறையிலிருந்து ஸ்டெல்லா.

இவன் சுவரிலிருக்கும் இணைப்பில் கருவியைச் செருகினால், அங்கே குவிந்து கிடக்கும் கேபிள்களில் ஒன்றைத் தொடும்போது மட்டும் அவள் கையிலிருக்கும் கருவி கீச்சிடும். அந்தக் கேபிளைத் தேடிப் பிடித்து நம்பர் ஒட்டுவது அவள் வேலை.

"அங்க ஃபேன் கீதா?"

"கீது."

"நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. அடுத்தது சொல்லு."

அந்த 'ஆச்சு'வைக் கேட்ட பிறகும் அருள்தாஸ் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த சூப்பர்வைசர் பூவராகவன் பரபரப்பாக வந்தார். "அருளு, எல்லா கம்பெனிக்காரனும் கேபிள் போடணும்னு கூப்புட்றான், ஆள் பத்தல. நாளைலேர்ந்து நீ இங்க, ஸ்டெல்லா புதுவாயல் குடோன்ல."

"வாணாம் சார். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாவே போடுங்க."

"இன்னாப்பா, லவ்வா?"

"என் சம்சாரம் சார்."

பூவராகவன் அசந்துபோனார். இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்துக்கூட அவர் பார்த்ததில்லை.

"அப்புறம் இன்னா கவலை? பேச வேண்டியத ஊட்ல போய் பேசிக்க."

அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"புள்ள தவறினதுலேர்ந்து ஊட்ல நாங்க பேசிக்கிறதே இல்ல சார்."

கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"இன்னா, சத்தத்தையே காணோம்... கீறியா?"