இன்றைய வரவேற்பாளர்

"உங்க மிஸ் எங்க?"

மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று அவர் கேட்டது வராந்தாவின் அடுத்த முனை வரை கேட்டது. அவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

கையில் ஒரு கடிதம். மகனை உடனே பக்கத்துப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

வாசலில் ஒரு குட்டி மேசை. அதன் பின்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, சட்டையில் 'இன்றைய வரவேற்பாளர்' என்று அட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு மொத்தமும் விளையாடப் போயிருக்க, அதை விட்டுவிட்டு இங்கே இருப்பதில் அவளுக்கு அத்தனை பெருமை.

"வணக்கம் அங்கிள். உக்காருங்க."

"உக்கார வரலை. மிஸ்ஸைக் கூப்பிடு."

"உள்ள ஒரு ஆன்ட்டி பேசிட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். நீங்க உக்காருங்க அங்கிள்."

நாற்காலியை இழுத்து வந்து அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே போட்டாள். எட்டு வயதுப் பெண்ணை எவ்வளவு நேரம்தான் முறைப்பது? உட்கார்ந்தார்.

தண்ணீர் வந்தது. டம்ளரில் பாதிதான் இருந்தது.

"ஏம்மா, உங்க ஸ்கூல்ல தண்ணிக்கும் பஞ்சமா?"

"இல்ல அங்கிள். கோவமா இருக்கறவங்களுக்குக் கை ஆடும். முழுசா ஊத்துனா சட்டையில சிந்திடும். இதைக் குடிச்சதும் இன்னொரு பாதி தருவேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். உண்மைதான், ஆடிக்கொண்டுதான் இருந்தது. குடித்தார். மறுபாதியையும் வாங்கிக் குடித்தார்.

அவர் குடித்து முடிக்கும் வரை அவள் வாய் திறக்கவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்டாள். "இப்ப சொல்லுங்க அங்கிள். யார் மேல கோவம்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிடங்கில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறார். ஒருத்தனுக்காவது இந்தப் பக்குவம் உண்டா?

உள்ளே இருந்த பெண்மணி கிளம்பியதும் ஆசிரியை வெளியே வந்தார்.

"சண்டை போடணும்னுதான் வந்தேன் மிஸ். பாதிக் கோவத்தை இந்தப் பாப்பா இறக்கி வெச்சிடுச்சு. மீதி அப்படியே இருக்கு."

"சொல்லுங்க சார்."

"பக்கத்து செக்ஷன்ல வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் போயிட்டாங்க. இங்க என்னடான்னா க்யூவுல நிக்கறது, கதவைத் தட்டிட்டு வர்றது, வரவேற்பு மேசைன்னு ஒரே விளையாட்டு. எம் பையன் வீட்டுல வாயே திறக்கறதில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டறான். அப்படி என்னதான் கத்துக்கிட்டான் இங்க?"

கடிதத்தை நீட்டினார். ஆசிரியை அதை வாங்கவில்லை.

"நான் மேசையை மட்டும்தான் சார் போட்டேன். கோவமா ஒருத்தர் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். எல்லாரும் திருதிருன்னு முழிச்சாங்க. தானா எழுந்து வந்து, ஒவ்வொண்ணா செஞ்சு காட்டி, வகுப்புக்கே சொல்லிக் குடுத்தது உங்க பையன்தான்."

"எம் பையனா?"

"ஆமா சார். முப்பத்தஞ்சு பேர் முன்னாடி நின்னு, கொஞ்சம்கூடத் தடுமாறலை. அந்தப் பாதி டம்ளர்கூட அவன் யோசனைதான். நான் பன்னெண்டு வருஷமா பாடம் நடத்தறேன், எனக்குத் தோணினதில்லை. அன்னிக்கு எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். வராந்தாவில் இதைக் கேட்க இன்னும் நாலு பேர் இல்லையே என்று இருந்தது.

"செக்ஷன் எல்லாம் மாத்த வேணாம் மிஸ். அவன் இங்கயே இருக்கட்டும். நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். இதெல்லாம் வீட்டு வளர்ப்பு. வீட்டுல பாத்துதானே பிள்ளைங்க கத்துக்கும்?"

ஆசிரியை விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமை அடங்காமல் அவர் இரட்டைச் சடையின் பக்கம் குனிந்தார். "வேற என்னெல்லாம் சொல்லிக் குடுத்தான் பாப்பா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல் அவள் எழுந்து நின்றாள். விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஒப்பித்தாள்.

"முதல்ல சேர் போடணும். பாதித் தண்ணி குடுக்கணும். குடிச்சு முடிக்கற வரைக்கும் பேசக் கூடாது. இன்னொண்ணு இருக்கு அங்கிள், அதை இங்க செய்ய முடியாது, வீட்டுக்கு மட்டும்தான். அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் தங்கச்சியை உள்ரூம்ல விட்டுக் கதவைச் சாத்திட்டு, அப்புறம்தான் வரவேற்கப் போகணுமாம்."